கிருமியைக் கொல்லும் பெட்ஷீட்... நம்பலாமா?

மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரைச் சுற்றி எத்தனை துணி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மெத்தைமேல் பெட்ஷீட், தலையணை உறை, போர்வை, பக்கத்துக் கட்டிலை மறைக்கும் திரை, நோயாளிக்குப் போட்டுவிட்ட கவுன், நர்ஸின் யூனிஃபார்ம், டாக்டரின் வெள்ளைக் கோட். இவ்வளவும் மருத்துவமனைக் கணக்கு. கூட இருப்பவர் வீட்டிலிருந்து தூக்கி வந்த ஜமக்காளம், தோளில் கிடக்கும் துண்டு, குழந்தையின் வாயைத் துடைத்த சேலை முந்தானை ஆகியவை எந்தக் கணக்கிலும் வராதவை.

இத்தனையிலும் கிருமி ஒட்டும். ஒட்டினால் லேசில் சாகாது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் உள்ள ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஆலிஸ் நீலி, மேத்யூ மேலி என்ற இருவர் 2000-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழுவழுப்பான பருத்தி, டவல் துணி, டாக்டர், நர்ஸ் வேலைநேரத்தில் உடுத்தும் ஸ்க்ரப்ஸ் தைக்கும் பருத்தி-பாலியஸ்டர் கலப்பு, திரைக்கான பாலியஸ்டர், ஏப்ரனுக்கான பிளாஸ்டிக் என ஐந்து வகைப் பொருள்களில் ஸ்டஃபைலோகாக்கஸ், என்டரோகாக்கஸ் கிருமிகளைத் தடவி வைத்தார்கள். எல்லாமே ஒரு நாளாவது உயிரோடு இருந்தன. சில 90 நாளைத் தாண்டியும் இருந்தன. அதிக நாள் தாக்குப்பிடித்தது பாலியஸ்டரிலும் பிளாஸ்டிக்கிலும்தான். வார்டில் யாரும் கழற்றித் துவைக்காத திரை எந்தத் துணி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மருத்துவமனைக்கு வந்த நோயோடு மருத்துவமனை தந்த நோயும் சேர்ந்துகொள்வது சின்ன விஷயம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்ன கணக்கு இது: உள்நோயாளிகளாகச் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஒரு தொற்றாவது வருகிறது. அப்படி வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். இதற்கு மேல், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள். சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகளில் என்.டி.எம்.-1 என்ற மருந்து எதிர்ப்பு மரபணு கண்டறியப்பட்டது 2010-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியானபோது நாடாளுமன்றம் வரை சத்தம் கேட்டது பலருக்கு நினைவிருக்கும்.

பயம் இருக்கும் இடத்தில் சந்தையும் இருக்கும். '99.9 சதவீதம் கிருமியைக் கொல்லும்' பெட்ஷீட், ஸ்க்ரப்ஸ், திரை, மாஸ்க் என்று மருத்துவமனைகளின் கொள்முதல் பிரிவுக்கு மாதிரிகள் வந்து குவிகின்றன. கொரோனாவுக்குப் பிறகு இது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உண்மையில் இந்தத் துணி என்ன செய்கிறது? நோயாளிக்கு அதனால் என்ன லாபம்?

தொட்டியில் முக்கி, ரோலரில் பிழிந்து...

செய்முறையில் மாயம் எதுவும் இல்லை. சாயமேற்றி முடித்த துணியை மருந்துக் கரைசல் நிரம்பிய தொட்டிக்குள் ஓடவிடுவார்கள். வெளியே வரும்போது இரண்டு கனமான ரப்பர் ரோலர்களுக்கு நடுவே நுழைந்து பிழிபடும். பருத்தி என்றால் தன் எடையில் முக்கால் பங்கு அளவுக்குக் கரைசலைக் குடித்திருக்கும். அப்படியே ஸ்டென்டர் என்ற உலர்த்தும் இயந்திரத்துக்குள் போய், இரு ஓரமும் ஊசிகளில் மாட்டி இழுபட்டபடி சூடான காற்றில் காயும். பிறகு 150 டிகிரி வாக்கில் ஒரு சூடு. பைண்டர் இறுகி, மருந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். திருப்பூர், பெருந்துறை பக்கம் ஃபினிஷிங் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது மென்மைக்கு சிலிகான் ஏற்றுவதைப் போன்ற அன்றாட வேலை. பாலியஸ்டர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நூல் இழுப்பதற்கு முன்பே உருக்கிய பிளாஸ்டிக்கில் மருந்தைக் கலந்துவிடலாம். அது பூச்சைவிட நாள்பட நிற்கும்.

மருந்துகளில் முதலிடம் வெள்ளிக்கு. உலோக வெள்ளி சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது. ஈரம் பட்டதும் அதிலிருந்து பிரியும் அயனிகள் கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையை முடக்கும். தாமிரமும் துத்தநாக ஆக்சைடும் ஏறக்குறைய இந்த ரகம். குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்கள் துணியோடு ஒட்டி நின்று, மேலே வந்து உட்காரும் கிருமியின் மேலுறையைச் சிதைக்கும். ட்ரைக்ளோசான் ஒரு காலத்தில் சோப்பு முதல் சாக்ஸ் வரை எல்லாவற்றிலும் இருந்தது. பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 2016-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. வீட்டு உபயோக சோப்புகளில் அதற்குத் தடை போட்டது.

நம் ஊர் ஜவுளிக் கல்லூரிகளில் வேப்பிலை, மஞ்சள், சோற்றுக்கற்றாழைச் சாறுகளைத் துணியில் ஏற்றும் ஆய்வுகள் ஏராளம். கேட்க இதமாக இருக்கும். ஆனால் மஞ்சளின் குர்குமின் வெயிலில் வெளுக்கும். மற்றவை துவைக்கத் துவைக்கப் போகும். மருத்துவமனை லாண்டரியின் வெந்நீரும் பிளீச்சும் படும் துணிக்கு இவை சரிப்படாது.

என்னைக் கேட்டால், இந்த வரிசையில் புத்திசாலித்தனமான வேதியியல் என்-ஹாலமின்தான். குளோரினைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொண்டு, கிருமி வந்தால் விட்டுக் கொல்லும் சேர்மம் அது. குளோரின் தீர்ந்தால்? பிளீச் போட்டு அலசினால் மறுபடி ஏறிக்கொள்ளும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காங் சுன் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. இதிலும் வேலை செய்வது கடைசியில் பிளீச்தான் என்பதையும் கவனியுங்கள்.

ஜாடிக்குள் 24 மணி நேரம்

'99.9' எங்கிருந்து வருகிறது? உலகம் முழுக்கப் புழங்கும் ஏ.ஏ.டி.சி.சி. 100 என்ற சோதனையை அருகில் போய்ப் பார்ப்போம். துணியை 4.8 சென்டிமீட்டர் அகல வட்டங்களாக வெட்டுகிறார்கள். கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, லட்சம் முதல் இரண்டு லட்சம் கிருமி மிதக்கும் ஒரு மில்லி திரவத்தை அதன்மேல் விடுகிறார்கள். துணி அதை முழுவதும் குடித்துவிட வேண்டும். சொட்டு மிச்சம் இருந்தால் இன்னும் ஒரு வட்டம் சேர்ப்பார்கள். மூடியை இறுக்கி, 37 டிகிரி சூட்டில் 24 மணி நேரம். மறுநாள் 100 மில்லி கரைசல் ஊற்றிக் குலுக்கி, எத்தனை கிருமி மிச்சம் என்று தட்டில் வளர்த்து எண்ணுகிறார்கள்.

சோதனையில் குறை இல்லை. ஒரு துணியை இன்னொரு துணியோடு ஒப்பிட அது நல்ல கருவி. ஆனால் அந்த ஜாடிக்குள் துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. வெள்ளி அயனி பிரிந்து வர அதைவிடத் தோதான இடம் கிடையாது. வார்டில் நர்ஸின் யூனிஃபார்ம் காய்ந்திருக்கும். ஒரு கட்டிலில் டிரஸ்ஸிங் மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குக் குனிய இரண்டு நிமிடம்கூட ஆகாது. 24 மணி நேரத்தில் கொல்லும் மருந்து அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்துவிடும்? போதாக்குறைக்கு ஜாடிக்குள் போனது சுத்தமான கிருமிக் கரைசல். வார்டுத் துணியில் படுவது சீழ், ரத்தம், வியர்வை. மருந்துக்கும் கிருமிக்கும் நடுவே இவை திரை போட்டுவிடும்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். லட்சம் கிருமியில் 99.9 சதவீதம் செத்தால் மிச்சம் 100. ஈ-கோலி போன்ற கிருமிக்கு ஈரமும் ஊட்டமும் தாராளமாகக் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த 100 திரும்ப லட்சம் ஆக மூன்று மணி இருபது நிமிடம் போதும்.

நர்ஸ் உடையில் நடந்த பரிசோதனை

ஜாடியை விட்டு ஐ.சி.யூ.வுக்குள் போனால் கதை இன்னும் தெளிவாகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 40 நர்ஸ்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2017-ல் வெளியானது. மூன்று வகை ஸ்க்ரப்ஸ்: ஒன்று சாதாரணம், ஒன்று வெள்ளிக் கலவை ஏற்றியது, ஒன்று குவாட்டர்னரி அம்மோனியமும் திரவம் ஒட்டாத பூச்சும் சேர்ந்தது. எதை உடுத்தியிருக்கிறோம் என்பது நர்ஸ்களுக்கே தெரியாது. ஒவ்வொருவரும் 12 மணி நேர ட்யூட்டி மூன்று, ட்யூட்டிக்கு ஒரு வகை. தொடக்கத்திலும் முடிவிலும் உடையில் மாதிரி எடுத்தார்கள். நோயாளியிடமும் கட்டில் கம்பியிலும்கூட எடுத்தார்கள். உடையில் சேர்ந்த கிருமியில் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. சட்டைக் கையிலும் பாக்கெட்டிலும்தான் கிருமி அதிகம் ஏறியிருந்தது.

அதற்கு முன் 2012-ல் வெர்ஜீனியாவில் நடந்த ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தந்தது. மருந்தேற்றிய ஸ்க்ரப்ஸில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அதை உடுத்தியவர்களின் கையில் குறையவில்லை. நோயாளியைத் தொடுவது கைதானே?

சுத்தமாகத் துவைத்த உடையே எவ்வளவு நேரம் சுத்தமாக இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் டென்வரில் 100 டாக்டர்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு அன்றன்று வெளுத்த யூனிஃபார்ம் கொடுத்தார்கள். மீதிப் பேர் எப்போதாவது துவைக்கும் தங்கள் வெள்ளைக் கோட்டையே போட்டுக்கொண்டார்கள். எட்டு மணி நேரம் கழித்து இரண்டிலும் கிருமி ஏறக்குறைய ஒன்றுதான். புது யூனிஃபார்மில் எட்டு மணி நேரத்தில் சேரும் கிருமியில் கிட்டத்தட்டப் பாதி முதல் மூன்று மணி நேரத்திலேயே சேர்ந்துவிட்டது. பிரிட்டன் வேறு வழியில் போனது. 2007-ல் சுகாதாரத் துறை முழங்கைக்குக் கீழ் துணியே வேண்டாம் என்றது: அரைக்கைச் சட்டை, வாட்ச் இல்லை, மோதிரம் இல்லை. கையைச் சரியாகக் கழுவ முடியும் என்பதுதான் அதன் நியாயம்.

பெட்ஷீட் விஷயத்தில் தாமிரத்துக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. இஸ்ரேலில் மூளைக்காயம் பட்டவர்களுக்கான நீண்டகால வார்டில் தாமிர ஆக்சைடு ஏற்றிய பெட்ஷீட், உடைகளைக் கொடுத்தபோது தொற்று 24 சதவீதம் குறைந்தது என்று 2014-ல் எழுதினார்கள். விற்பனைப் பிரதிநிதிகள் இதைத் தவறாமல் காட்டுவார்கள். 2018-ல் அமெரிக்காவில் ஒரு நீண்டகால சிகிச்சை மருத்துவமனையில் தாமிரத் துணியைப் போட்டுப் பார்த்து, எதிர்ப்புக் கிருமிகள் பரவுவது குறையவில்லை என்று எழுதியதை அவர்கள் காட்டமாட்டார்கள்.

எங்குமே பலன் இல்லையா என்றால், திரையில் இருக்கிறது. அயோவாவில் 43 திரைகளை மூன்று வாரம் கவனித்தபோது 41-ல் ஒருமுறையாவது கிருமி ஏறியிருந்தது. புதிதாக மாட்டியவற்றில் பெரும்பாலானவை ஒரே வாரத்தில் அழுக்காயின. அதே ஊரில் 2012-ல் மருந்தேற்றிய திரைகளைச் சாதாரணத் திரைகளோடு ஒப்பிட்டார்கள். சாதாரணத் திரையில் முதல் கிருமி ஏற இரண்டு நாள். மருந்துத் திரையில் 14 நாள். திரையைத் தினமும் மாற்ற முடியாது. ஆனால் டாக்டர் கைகழுவிவிட்டு வந்து அதைத்தான் இழுப்பார். இப்படிப்பட்ட இடத்தில் மருந்துத் துணிக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

தையல் நூலும் ஒரு பாடம். ட்ரைக்ளோசான் ஏற்றிய நூலால் தைத்தால் ஆபரேஷன் காயத்தில் சீழ் பிடிப்பது குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2016-ல் பரிந்துரைத்திருந்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், 54 மருத்துவமனைகளில், 5,788 நோயாளிகளை வைத்து நடந்த ஃபால்கன் ஆய்வு 2021-ல் வந்தது. சாதா நூலுக்கும் மருந்து நூலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஆண்டு சீட்டா என்ற இன்னொரு பெரிய ஆய்வு, 13,301 நோயாளிகள். வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள், அவ்வளவுதான். காயத் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக இறங்கியது. மருந்து பூசிய பொருளால் ஆகாதது, அழுக்கான பொருளை மாற்றியதால் ஆனது.

துவைத்தால் எங்கே போகிறது?

மருந்துத் துணி துவைப்பைத் தாங்குமா என்பது அடுத்த சிக்கல். 2008-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடையில் வாங்கிய வெள்ளி சாக்ஸ்களைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நான்கே அலசலில் வெள்ளி ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. சிலவற்றில் ஏறக்குறைய எதுவும் போகவில்லை. ஏற்றுவதில் அவ்வளவு ஏற்ற இறக்கம். மருத்துவமனை பெட்ஷீட் தன் ஆயுளில் பல பத்து முறை வெந்நீரைப் பார்க்கும். போன வெள்ளி சாக்கடைக்குத்தான் போகும். சுத்திகரிக்காத கழிவுநீருக்காக 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் திருப்பூர். நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கிருமி பழகிக்கொள்ளாதா என்ற கேள்விக்கும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1970-களில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தீக்காய வார்டில் சில்வர் நைட்ரேட் போட்டு சிகிச்சை தந்தார்கள். வெள்ளியை மதிக்காத சால்மோனெல்லா அங்கே கிளம்பியது. வார்டையே மூட வேண்டி வந்தது. அந்தக் கிருமி ஆம்பிசிலினுக்கும் குளோராம்பெனிகாலுக்கும்கூடக் கட்டுப்படவில்லை. 1975-ல் லான்செட்டில் பதிவான சம்பவம் இது. தேவைப்படும் இடத்தில் தீவிரமாகப் பயன்படுத்த வேண்டிய ஒன்றைப் பெட்ஷீட், பனியன், சாக்ஸ் என்று இறைத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விளம்பரத்தின் மொழியிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் கிருமி எதிர்ப்பு ஏற்றிய துணியை விற்பவர், தனி அனுமதி வாங்காவிட்டால், 'துணி நாறாது, கெட்டுப்போகாது' என்று மட்டுமே சொல்லலாம்; 'உங்களை நோயிலிருந்து காக்கும்' என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் லோர்னா ஜேன் என்ற நிறுவனம் கொரோனா நேரத்தில் தன் உடற்பயிற்சி உடை வைரஸைத் தடுக்கும் என்று விற்றது. 2021-ல் நீதிமன்றம் போட்ட அபராதம் 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்.

அதே கொரோனா நேரத்தில் நம் கோவை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் டாக்டர்களுக்கான முழுக் கவச உடைகளைச் சோதித்துச் சான்று தரும் பொறுப்பு சிட்ரா என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கத்திடம் வந்தது. திருப்பூரும் மற்ற ஊர்களும் தைத்து அனுப்பிய மாதிரிகளில் செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்தி, மறுபுறம் கசிகிறதா என்று பார்த்தார்கள். கிருமியைக் கொல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே விடாமல் இருந்தால் போதும்.

லாண்டரிக்கு யார் பொறுப்பு?

துணி வழியே நோய் பரவி உயிர் போன சம்பவங்கள் நிஜமாகவே உண்டு. அவற்றில் குற்றவாளி பெரும்பாலும் லாண்டரி. 2015-ல் ஹாங்காங்கில் எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளுக்கு ரைசோபஸ் பூஞ்சைத் தொற்று வந்தது. துருவிப் பார்த்தால், வெளுத்து வந்த துணிகளிலேயே பூஞ்சை. லாண்டரியில் தண்ணீர் போதுமான சூட்டில் இல்லை, துணி சரியாகக் காயவில்லை, தூசு வேறு. அதற்குச் சில ஆண்டுகள் முன் நியூ ஆர்லியன்ஸில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் இதே வகைப் பூஞ்சையால் ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். அங்கும் விசாரணை போய் நின்றது மருத்துவமனைத் துணியில்தான்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் விதி எளியது: 71 டிகிரி வெந்நீர், 25 நிமிடம். பிறகு நன்றாகக் காய வேண்டும், தூசு படாமல் மூடி வர வேண்டும். அழுக்குத் துணியை வார்டில் உதறக் கூடாது. சுத்தத் துணி வரும் வண்டியிலேயே அழுக்குத் துணி போகக் கூடாது. நம் ஊரில் எத்தனை மருத்துவமனைகளில் லாண்டரித் தண்ணீரின் சூட்டை யாராவது எழுதி வைக்கிறார்கள்? வேலை வெளியாளிடம் ஒப்பந்தத்தில் போயிருக்கும். பல இடங்களில் துணி மொட்டைமாடிக் கொடியில் காயும். வெயில் நல்லதுதான், மழைக்காலத்தில் என்ன செய்வது? யூனிஃபார்முக்கு அந்த லாண்டரியும் இல்லை. நர்ஸும் அட்டெண்டரும் அதை உடுத்தியபடியே பஸ் ஏறி, வீட்டில் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கிறார்கள். மருத்துவமனையிலேயே உடை மாற்றும் அறையும் துவைத்துத் தரும் ஏற்பாடும் இருந்தால், வெள்ளி ஏற்றிய ஸ்க்ரப்ஸைவிட அது பெரிய பாதுகாப்பு.

நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் நாளுக்கு ஒரு நிறத்தில் பெட்ஷீட் போடும் வழக்கம் வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்கான நிறம் செவ்வாயும் கட்டிலில் கிடந்தால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கும் தெரியும், கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். இதில் நானோவும் இல்லை, காப்புரிமையும் இல்லை. மருத்துவமனைத் துணியில் நான் கேள்விப்பட்ட ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் மருந்துத் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. திரைக்கு வாங்கலாம், துவைக்க முடியாத மெத்தை உறைக்கு வாங்கலாம். வாங்கும்போது, எங்கள் லாண்டரியின் வெந்நீரிலும் பிளீச்சிலும் 50 முறை வெளுத்த பிறகு எடுத்த சோதனை அறிக்கை எங்கே என்று கேளுங்கள். ஏற்றியிருக்கும் மருந்தின் பெயரை எழுத்தில் கேளுங்கள். நோயாளிகளுக்குத் தொற்று குறைந்ததாகச் சொல்லும் ஆய்வு இருக்கிறதா, ஜாடிச் சோதனை மட்டும்தானா என்று கேளுங்கள். கிருமி கொல்லும் துணி என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று விற்பவர் சொன்னால், அவரை அப்போதே வாசலுக்கு அனுப்பிவிடலாம்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. சொந்தக்காரரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனால் அவர் கட்டிலில் உட்காராதீர்கள், ஸ்டூல் கேளுங்கள். பையைப் போர்வைமேல் வைக்காதீர்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகும் பெட்ஷீட் மாறவில்லை என்றால், கூச்சப்படாமல் ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.